பன்னிரண்டு மணிச் சங்கும் எஸ்தர் அண்ணியின் அடுப்பும்

1

இந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியில் ஒரு புதன்கிழமையும் ஜூனில் ஒரு புதன்கிழமையும், நண்பகலில் அபாயச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். போர் மூண்டாலோ பெரிய விபத்து நடந்தாலோ அது ஊதவேண்டுமே, பழுதாகிக் கிடக்கக்கூடாதே, அதற்காகச் சோதனை. கூரைகளின் மேல் இருக்கும் ஊதுகுழல்கள் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் அலறும். நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரத்துக்கு நாங்கள் குடிவந்த பிறகு பலமுறை கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் எப்போதும் அலுவலகத்தில் இருப்பேன். எல்லோரும் ஒரு கணம் ஜன்னலைப் பார்ப்பார்கள், பிறகு வேலையைத் தொடர்வார்கள். நானும் அப்படித்தான்.

போன ஜனவரியில் அந்தப் புதன்கிழமை மகள் தியாவுக்குச் சளி. மழலையர் பள்ளியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். வெளியே வழக்கமான மழை, பகலிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு. சங்கு ஊதியது.

ஊதி ஓய்ந்தபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன். அரிசி களைந்தாகிவிட்டது. பாத்திரம் அடுப்பின் மேல் இருந்தது. மின்அடுப்பின் வட்டம் சிவந்திருந்தது. நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

என் கணவர் பிரபு எட்டிப் பார்த்தார். “யாருக்கும்மா இது? இப்பதான இட்லி சாப்பிட்டோம்.”

சங்கு ஊதியதே என்றேன். அவர் கடம்பத்தூர்க்காரர், ரயில் சத்தத்தில் வளர்ந்தவர். “எங்க ஊர்ல ட்ரெயின் சத்தம் கேட்டா சட்டையத்தான் தேடுவோம். நீங்க அரிசியத் தேடுறீங்க” என்றார். இருவரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டே மேசைக்குத் திரும்பினேன். கணினியில் நான் சரிபார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் அப்படியே இருந்தது: “எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் பொதுமக்கள் தீமூட்டும் செயல்கள் அனைத்தையும் தவிர்த்து, காற்றின் எதிர்த்திசையில் வெளியேற வேண்டும்.”

திரும்பிப் பார்த்தேன். அடுப்பு இன்னும் சிவந்துதான் இருந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இன்னமும் நான் “பெட்ரோல் கம்பெனியில்” இருப்பதாகத்தான் தேவாலயத்தில் சொல்கிறார்.

சென்னையில் வேதிப்பொறியியல் படித்தேன். இங்கே ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பாதுகாப்பு ஆவணங்களைப் பார்க்கும் தற்காலிக வேலை. ஸ்டாவாங்கர் எண்ணெயால் வளர்ந்த ஊர். கடலுக்கடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவர்கள் இங்கே கூடுவார்கள். எந்த நாட்டு அமைச்சர் வந்தாலும் இரண்டு கொடிகளை வைத்துப் படமெடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு படத்திலிருந்து பிறந்ததுதான் என் கைக்கு வந்த திட்டம். இரண்டு அரசுகளும் இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து எரிவாயுக் குழாய்ப் பாதைகளில் பாதுகாப்பை மேம்படுத்துவது. பணத்தையும் தொழில்நுட்பத்தையும் இங்கிருந்து கொடுப்பார்கள். நிலமும் ஆட்களும் அங்கே. மாதிரிக்கு எடுத்துக்கொண்ட இடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் சுற்றுப்புறம்.

வரைபடத்தை முதலில் திறந்தபோது கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்தேன். குழாய் போகும் கோடு பெரிய ஏரியின் கரையோரமாக வந்து, தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டித் திரும்பி, எங்கள் காலனியைத் தொட்டுக்கொண்டு வடக்கே போயிற்று. வரைபடத்தில் காலனிக்குப் பெயர் இல்லை, வெளிர்மஞ்சளில் ஒரு கட்டம்தான். அந்த மஞ்சளின் விளிம்பில் கடைசி வீடு என் அண்ணன் மோசஸுடையது. அவர் உருக்காலையில் இரண்டாம் ஷிப்ட். எஸ்தர் அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா.

திட்டத்தில் என் ஊர்ப்பெயரைப் பார்த்துத்தான் மேலாளர் இங்கெர் என்னை அழைத்தார். சென்னையில் மொழிபெயர்த்து வரும் எச்சரிக்கை வாசகங்களைப் படித்து, தமிழ் சரி என்று கையெழுத்திடுவது என் பங்கு. எளிய வேலை. அதைச் சரியாக முடித்தால் வசந்தகாலத்தில் என் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. பிரபு வேலை பார்த்த பட்டறையின் ஒப்பந்தம் முடிந்து போயிருந்தது. இந்த நாட்டிலேயே தங்கிவிட, நிரந்தர வதிவிட அனுமதிக்கு நாங்கள் காட்டக்கூடிய சம்பளம் என்னுடையது மட்டும்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அடுப்பைப் பார்த்தபோது நான் முதலில் நினைத்தது ஊரை அல்ல. இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

3

எங்கள் காலனியில் கடிகாரம் உண்டு. மாட்டி வைத்திருப்போம், பார்க்க மாட்டோம். உருக்காலையின் சங்குதான் கணக்கு. விடிகாலைச் சங்குக்குப் பால். பன்னிரண்டு மணிச் சங்குக்கு உலை, இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர் சுடச்சுடச் சாப்பிட்டுக் கிளம்ப அதுதான் சரியான நேரம். சாயங்காலச் சங்குக்கு டீ. இரவுச் சங்குக்குக் குழம்பைச் சூடு செய்வது, ஷிப்ட் முடிந்து ஆள் வந்துகொண்டிருக்கும். எந்தச் சங்காக இருந்தாலும் அது பெண்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: அடுப்பைப் பற்றவை. யாரும் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. அம்மா எழுவார், பக்கத்து வீட்டில் எழுவார்கள், எதிர் வீட்டில் எழுவார்கள். பிறகு நானும் எழுந்தேன்.

அதை ஒலியாகப் பார்த்தால் ஒரு நீண்ட ஊளை. என் உடம்பில் அது பசி, அப்பாவின் செருப்புச் சத்தம், ஈர அரிசி. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவந்து, மின்அடுப்பு வைத்திருக்கும் எனக்கே கை போகிறது என்றால் அங்கே இருப்பவர்களுக்கு?

குழாயில் வாயு கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திட்டத்தின் பெரிய குழாயில் போகும் வாயுவுக்கு வீட்டு சிலிண்டர் மாதிரி நாற்றம் சேர்ப்பதில்லை. யாருக்கும் மூக்கில் தெரியாது. கட்டுப்பாட்டு அறையில் தெரியும். உடனே அபாயச் சங்கு ஊதும். ஊதியதும் என் காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் எழுந்துபோய் லைட்டரை அழுத்துவாள்.

4

சந்தேகப்படுவது என் பழக்கம். தியாவுக்குக் கையுறை போட்டேனா என்று படியிறங்கிப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். ஒருவேளை ஊர் மாறியிருக்கும், எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்று தோன்றியது. அன்றைக்கே அண்ணியைக் கூப்பிட்டேன்.

எடுத்தவுடன் தியாவைக் கேட்டார். தியா வந்து அத்தை கேட்டதற்கெல்லாம் “யா” என்றாள். இங்கே ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள், திடுக்கிட்ட மாதிரி இருக்கும். மழலையர் பள்ளியில் அதைப் பிடித்துக்கொண்டாள். முன்பு இதைக் கேட்டு என் மாமியார் குழந்தைக்கு வீசிங் இருக்கிறது, எங்களிடம் மறைக்கிறீர்கள் என்று அழுதேவிட்டார். தமிழில் கேட்டால் நார்வே மொழியில் பதில், அதுவும் பாதி மூச்சில். திட்டினால் மட்டும் தமிழ் வரும். அவள் கைநழுவிப் போவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அண்ணியிடம் கேட்டேன், சங்கு ஊதினால் என்ன செய்வீர்கள் என்று.

“இன்னாடி கேள்வி இது? ஒலை வெப்பேன். வேற இன்னா பண்ணுவாங்க?”

வேறு மாதிரிச் சத்தத்தில் ஊதினால்? விட்டுவிட்டு, ஏற்ற இறக்கமாக?

அண்ணி சிரித்தார். “மழைக்கு முன்னாடி அந்த சங்கு ரிப்பேரு ஆயி, நாய் ஊள உட்ற மாரி கொஞ்ச நாளு ஊதினு கெடந்துச்சு. ஒரு நா பத்து மணிக்கே ஊதிட்ச்சு. தெருவே சோறு வடிச்சிட்ச்சு தெரியுமா. உங்கண்ணன் பதினோரு மணிக்கு சாப்ட்டு, ஷிப்டுக்கு போறதுக்குள்ள மறுபடியும் பசிக்கிதுன்னு நின்னாரு. ஒரே பேஜாரு.”

நான் சிரிக்கவில்லை. அண்ணி அதைக் கவனித்துவிட்டார். “ஏன்டி செல்வி, இன்னா ஆச்சு?” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் அண்ணி குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“அப்ப ஊதறதே எங்கள கொளுத்தறதுக்குதானா” என்றார்.

5

நார்வேக்காரர்கள் அதிகம் மன்னிப்புக் கேட்பதில்லை. நான் எல்லா வாக்கியத்தையும் அவர்கள் மொழியில் ஒரு “மன்னிக்கவும்” போட்டுத்தான் தொடங்குவேன். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்துக்கு முன்கூட்டியே கட்டும் அபராதம் மாதிரி. நீ அச்சு இயந்திரத்திடம்கூட மன்னிப்புக் கேட்கிறாய் என்று இங்கெர் ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறார்.

திட்டக் கூட்டம் திரையில் நடந்தது. இங்கே இங்கெரும் நானும், சென்னையில் அந்தப் பக்கத்து நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ராகவன். அண்ணா நகர்க்காரர், நல்ல படிப்பு, எதையும் மிச்சம் வைக்காமல் முடிக்கிறவர். இரண்டு அரசுகளும் கையெழுத்திடும் விழா நெருங்கிவிட்டதால் எல்லோருக்கும் அவசரம். என் முறை வந்தது. மன்னிப்புக் கேட்காமல் தொடங்கினேன். தமிழ் சரியாக இருக்கிறது, சங்கு தவறு, கையெழுத்திட முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

ராகவன் பொறுமையாகக் கேட்டார். அபாயச் சங்கு என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முறை என்றார். ஊதும் விதமே வேறு என்றார். விழிப்புணர்வு வகுப்பு எடுப்போம், துண்டறிக்கை கொடுப்போம் என்றார். எல்லாம் நியாயமாகவே இருந்தது. எனக்கே ஒரு கணம் நான்தான் பிசகுகிறேனோ என்று பட்டது. அப்புறம் தமிழுக்கு மாறினார்.

“மேடம், நீங்க இந்தியாவ விட்டுப் போய் எவ்ளோ நாளாச்சு? அங்க உக்காந்துகிட்டு எங்க ஊர்ப் பொம்பளைங்க எப்ப அடுப்பு மூட்டுவாங்கன்னு சொல்றீங்க.”

“உங்க ஊர் இல்ல சார், எங்க ஊர்” என்றேன். அதோடு நிறுத்தவில்லை. “வகுப்பு எடுக்கணும்னா எடுங்க. எடுத்துட்டு அன்னிக்கே பன்னெண்டு மணிக்கு எங்க தெருவுல நில்லுங்க. நின்னு பாத்துட்டு இது போதும்னு நீங்களே சொல்லுங்க. நான் கையெழுத்து போடறேன்.”

இங்கெருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் தெரிந்திருக்கும்.

கூட்டம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, கனிவாகத்தான் பேசினார். உன் வேலை மொழி, சங்கு உன் வேலையில்லை என்றார். இரண்டு அரசுகள் ஒப்புக்கொண்டதை ஒரு மொழி சரிபார்ப்பவர் நிறுத்த முடியாது, நீ போடாவிட்டால் வேறொருவர் போடுவார், வசந்தகாலத்தில் உன் வேலை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, அதையும் நினைத்துக்கொள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார், அதனால்தான் அதிகமாக வலித்தது.

வேறொருவரே போடட்டும் என்றேன். என் பெயரில் அது போகாது.

பேருந்தில் என் நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி, மழையில் திரும்பி நடந்தேன். இரண்டு அரசு, எத்தனையோ நிறுவனங்கள், இத்தனை பொறியாளர்கள். அவர்களுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? என் மகளின் நாளைய வாழ்க்கையை ஒரு பானைச் சோற்றின்மேல் பணயம் வைத்துவிட்டேனா? வீட்டுக்கு வந்து பிரபுவிடம் சொன்னேன். அவர் தியாவின் ஈரமான காலுறைகளை ஹீட்டரின் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“போட்டிருந்தா உனக்குத் தூக்கம் வந்திருக்குமா?” என்று கேட்டார்.

வந்திருக்காது என்றேன்.

“அப்பறம் என்ன. வா, சாப்பிடு.”

6

ராகவன் போனார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பிடிவாதக்காரர், நான் சொன்னது தவறு என்று நேரில் நிரூபிக்கத்தான் போயிருப்பார். எப்படியோ, போனார். நடந்ததை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலையில் தேவாலய வாசலில் பெண்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தாராம். படம் காட்டினாராம். இன்றைக்கு ஒரு ஒத்திகை, பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் அதை அபாயச் சங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள், யாரும் அடுப்பைத் தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாராம். எல்லோரும் தலையாட்டி, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் ஹெல்மெட்டோடு தெருவின் நடுவில் நின்றிருக்கிறார். அண்ணி சொன்னதை அப்படியே தருகிறேன்.

“சங்கு ஊதிச்சு. நா பாட்டுக்கு எழுந்து போயி பத்த வெச்சிட்டேன். தெரு பூரா லைட்டரு சத்தம், டக்கு டக்குனு. வெளிய வந்து பாத்தா அந்தாளு கைய தூக்கிகினு அப்டியே நிக்கிறாரு. இன்னா சார்னேன். ஏம்மா, இப்பதான சொன்னேன் பத்த வைக்காதீங்கன்னு, அப்டின்னாரு. ஆமா சார் சொன்னீங்க, நா நல்லா கேட்டனே, சங்கு ஊதிட்ச்சே, ஒலை வெக்கணும்லன்னு சொல்றேன். சொல்லிகினு இருக்கும்போதே எனக்கு சிரிப்பு வந்திட்ச்சு. எல்லாரும் சிரிச்சோம். அப்பறம் அந்தாளு மூஞ்ச பாத்தேன். அப்பறம் யாருக்கும் சிரிப்பு வர்ல.”

அவர் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து யாருக்கோ நெடுநேரம் போனில் பேசினாராம். உலை கொதித்தது. சாப்பிட்டுப் போங்க சார் என்று அண்ணி சொல்ல, சாப்பிட்டிருக்கிறார்.

விழா தள்ளிப்போகவில்லை. இரண்டு கொடிகள், கைகுலுக்கல், படம், எல்லாம் நடந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் இணைப்பில் ஒரு பத்தி சேர்ந்தது: தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளில் சங்கு கிடையாது, ஒலிபெருக்கி வழியாகப் பேச்சுக் குரலில் எச்சரிக்கை, முதலில் எங்கள் காலனியில் சோதனை. மற்ற ஊர்களுக்கு அது வருமா என்று தெரியாது. கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

வசந்தகாலத்தில் என் வேலை நிரந்தரமாகவில்லை. இந்த விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இங்கெர் சொன்னார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. வதிவிட விண்ணப்பம் தள்ளிப்போயிருக்கிறது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பகுதிநேரம் வேலை செய்கிறேன். பிரபு பேருந்து ஓட்டப் படித்துக்கொண்டிருக்கிறார். வருத்தம் உண்டா என்று ஊரில் கேட்கிறார்கள். உண்டு, தினமும் ஒருமுறையாவது வரும். திரும்ப அந்த மேசையில் உட்காரவைத்துப் பேனாவைக் கொடுத்தாலும் போட மாட்டேன்.

அரசும் நிறுவனமும் ஒத்துழைக்கிறார்கள் என்று எழுதும்போது இரண்டு தரப்பைத்தான் எழுதுகிறார்கள். குழாய் யார் வாசல் வழியாகப் போகிறதோ அவர்களைப் ‘பொதுமக்கள்’ என்று ஒரே சொல்லில் மூட்டைகட்டி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொதுமக்களில் ஒருத்திக்குப் பெயர் எஸ்தர், அவள் வீட்டில் இரண்டு அடுப்பு இருக்கிறது என்று எழுதவைக்க என் வேலை போயிற்று. பரவாயில்லை. எழுதியாகிவிட்டது.

7

ராகவன் எனக்கு ஒருமுறை கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் பேச உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். “எரிவாயுக் கசிவு ஏற்பட்டுள்ளது, தீமூட்டும் சாதனங்களை இயக்க வேண்டாம்” என்று தொடங்கியது அவர் எழுதிய வாசகம். இப்படிப் பேசினால் தேர்தல் அறிவிப்பு என்று நினைத்து எங்கள் ஊரில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள் என்றேன். என் குரலும் வேண்டாம், எஸ்தர் அண்ணி பேசட்டும் என்றேன்.

அண்ணி பேசினார். சிரிப்பு வந்து வந்து, பல தடவை பதிவுசெய்தார்களாம். கடைசியில் சரியாக வந்ததை எனக்கும் அனுப்பினார்.

“ஏம்மா, அடுப்ப அணைங்க. எதையும் பத்த வெக்காதீங்க. லைட்டு ஸ்விட்ச தொடாதீங்க. புள்ளைங்கள இஸ்துகினு வெளிய வாங்க. காத்து மூஞ்சில அடிக்கிற பக்கமா நடங்க. ஊட்ட பூட்டிகினு நிக்காதீங்க. நடங்க.”

இதைத் தியா பிடித்துக்கொண்டாள். போனை எடுத்து எடுத்துப் போட்டுக் கேட்டாள். அத்தை யாரைத் திட்டுகிறார் என்றாள். யாரையும் திட்டவில்லை, காப்பாற்றுகிறார் என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, மூச்சை உள்ளே இழுத்து “யா” என்றாள்.

ஜூன் மாதப் புதன்கிழமை எனக்கு விடுமுறை. மழலையர் பள்ளியும் அன்று மூடியிருந்தது. இந்த முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, எச்சரிக்கையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டுக்கு முன்பே பிரபுவுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும் என்று ஞாபகம் வந்து எழுந்துபோனேன். அரிசி களைந்தேன். சங்கு ஊதியது. அந்தக் கணத்தில் என் விரல் அடுப்பை அழுத்தியது.

பின்னால் காலடிச் சத்தம். தியா வாசலில் நின்றாள், இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, வீடியோ அழைப்பில் அத்தை நிற்கிற மாதிரியே.

“ஏம்மா, அடுப்ப அணைங்க.”

கும்மிடிப்பூண்டித் தமிழ், ஒரு எழுத்து பிசகவில்லை. ஸ்டாவாங்கரில் பிறந்த பிள்ளை, எங்கள் காலனியில் இதுவரை கால் வைக்காதவள்.

அணைத்தேன். அவள் விடவில்லை. என் புடவை முந்தானை என்று நினைத்துக்கொண்டோ என்னவோ, நான் போட்டிருந்த ஸ்வெட்டரின் நுனியைப் பிடித்து இழுத்தாள். “ஊட்ட பூட்டிகினு நிக்காதீங்க” என்றாள். படியிறங்கினோம். கதவைப் பூட்டவில்லை. வெளியே சங்கு இன்னும் அலறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் புல்வெட்டிக்கொண்டே எங்களை விசித்திரமாகப் பார்த்தார். மன்னிக்கவும் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

தியா முகத்தைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டிப் பார்த்தாள். கடல் இருக்கும் திசையிலிருந்து காற்று வந்து எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவள் என் கையைப் பிடித்து அந்தப் பக்கமாக நடந்தாள். நானும் நடந்தேன்.